விளக்கடியில் உட்கார்ந்தவர்

தன் ஞாபகசக்தியை அவரே அவ்வளவாக நம்புவதில்லை. ஆனால் ஒரு படத்தின் கடைசி நாளில் வந்த காய்ச்சலை மட்டும் மறக்கவில்லை. படப்பிடிப்பில் பெரிய நடிகர் வருமுன் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, விளக்குகளைச் சரிசெய்து முடிக்கும்வரை அசையாமலிருப்பதுதான் அவர் பார்த்த வேலை. நடிகர் ஒருநாளும் அவரிடம் பேசியதில்லை. அந்தக் குறை ஆறவேயில்லை.

அந்தப் படத்தின் கதாநாயகி எழுதிய நினைவுப் புத்தகத்தை மனைவி உரக்கப் படித்தாள்.

"கடைசி நாள், விளக்கடியில் உட்கார்ந்தவர் காய்ச்சலில் நடுங்கினார். நடிகர் தன் கம்பளிக் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டு, 'நீங்க உட்கார்ந்தாதான் எனக்கு வெளிச்சம் அமையுது' என்றார்."

"நிறுத்து. அன்னைக்கு நான் வேலைக்கே போகலையே! வீட்லதானே கிடந்தேன்?"

"ஆமா, நெத்தியில ஈரத்துணி போட்டவளே நான்தானே."

"அப்ப அந்தம்மா வாய்க்கு வந்தத எழுதிருச்சா?"

மனைவி எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து, ஒரு கம்பளிக் கோட்டை எடுத்துவந்தாள்.

"துணிய நனைச்சுட்டுத் திரும்பிப் பாத்தா, இது உங்க மேல கிடந்துச்சு. சொன்னா எனக்கும் காய்ச்சல்னு சிரிப்பீங்க. அதான் எடுத்து வெச்சுட்டேன்."

அவர் போட்டுப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது.

நடிகர் அந்த வருடமே இறந்துபோனார். கதாநாயகி, புத்தகம் அச்சாகுமுன் போய்ச் சேர்ந்தார். இவரும் மனைவியும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். குளிருகிறபோது கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். இப்போதுதான் விளக்கடியிலிருந்து எடுத்துவந்ததுபோல் அது சுடுகிறது.