வீட்டுக்காரர் சொன்னது

“தமயந்தி, உன் பிள்ளை வெங்கட்டுக்கு ஜெர்மனியில மறுபடியும் வீடு இல்லேன்னுட்டானாம்!” அழகேசன் போனை சோபாவில் எறிந்தார். “எல்லாம் அந்த வலதுசாரிக் கட்சி கொடுக்கிற தைரியம். வெளிநாட்டுக்காரனே வெளியே போன்னு கத்துறானுங்க, அதுக்கும் ஓட்டுப் போடுறாங்க!”

தமயந்தி கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. “வீட்டுக்காரர் சொன்னதைக் கேளுங்க. ‘நீங்க நல்லவங்கதான். ஆனா உங்க ஆளுங்க சமையல் வாசனை எங்களுக்கு ஒத்துக்காது. அக்கம்பக்கத்துலயும் ஒரு மாதிரி பேசுவாங்க’ன்னாராம்.”

“நல்லவங்கதானாம்! சொல்ல நாக்கு கூசலை? இன்னிக்கு வீடு இல்லேம்பான், நாளைக்கு ஓட்டு இல்லேம்பான். ஜனநாயகம் இப்படித்தான் சாகும். வெங்கட் அதுக்கு என்ன சொன்னான்?”

“அவன் ஏன் சொல்லணும்? இது ஜமீலா டீச்சர்கிட்ட சொன்னது.”

“எவன் சொன்னான்?”

“நீங்கதான். நேத்து நம்ம மாடி போர்ஷன் பார்க்க வந்தவங்களை வாசல்லயே நிக்க வெச்சு. இன்னிக்குக் காய்கறிக்கடையில அவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்.”

அழகேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது வேற, இது வேற. இந்தக் கள்ளிக்குப்பத்துல அவங்களுக்கு வேற வீடா இல்ல?”

“அந்த ஜெர்மன்காரனும் இதையேதான் கேப்பான்.”

அழகேசனின் பார்வை சாவி தொங்கும் சுவர் ஆணிக்குப் போனது; அது காலியாக இருந்தது. “மாடிச் சாவி எங்கே?”

“டீச்சர்கிட்ட. வீடு என் பேர்லதானே இருக்கு? வியாழக்கிழமை பால் காய்ச்ச வர்றாங்க. மேல போய் ஒரு டம்ளர் குடிச்சுட்டு வந்து, அப்புறமா ஜனநாயகத்தைக் காப்பாத்துங்க.”