கல்வீட்டு வரிசை

அயர்லாந்தின் அந்தச் சிற்றூரில் பார்க்கக் கிடந்தது பழைய கோட்டை ஒன்றுதான். பன்னிரண்டு நாள் விடாமல் வேலை பார்த்த அலுப்போடு பஸ்ஸைவிட்டு இறங்கிய இசக்கியப்பன், தெருவில் சத்தமில்லாமல் நின்ற வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டான். “டிக்கெட் வரிசை மாதிரித் தெரியலையே. எல்லாரும் கறுப்புல்லா உடுத்திருக்காவ,” என்றாள் மனைவி செண்பகம். “குளிருக்கு உடுத்திருப்பாவ. பேசாம வா.”

வரிசை ஒரு கல்வீட்டுக்குள் நுழைந்தது. கூடத்தில், திறந்த சவப்பெட்டிக்குள் கோட்டு போட்ட கிழவர் ஒருவர் கிடந்தார். சுவரோரம் நின்ற குடும்பத்தாருக்கு ஒவ்வொருவராகக் கை கொடுத்துக்கொண்டு போனார்கள். சொந்த ஊரில் சாவு விழுந்த துட்டி வீட்டில் செய்வதேதான். திரும்பிப் போக வழியில்லாமல் இசக்கியப்பனும் கொடுத்தான். கடைசி ஆளைத் தாண்டியதும் கால் ஓய்ந்து அப்படியே சுவரில் சாய்ந்தான்.

பின்னால் வந்த அம்மாள் அவனை மருமகன் என்று நினைத்தாளோ, கிழவரைப் பார்த்துக்கொண்டவன் என்று நினைத்தாளோ, அவன் கையையும் இரு கையால் பொத்திப் பிடித்து, “ரொம்ப வருத்தமா இருக்குப்பா,” என்றாள். அடுத்து ஒரு விவசாயி. அடுத்து ஒரு பாதிரியார்.

“வாங்க, போயிருவோம்,” என்று செண்பகம் சட்டையை இழுத்தாள்.

“இரு.”

போன மாதம் அண்ணனை எரித்ததை லீவு கிடைக்காமல் அவன் செல்போனில்தான் பார்த்தான். மறுநாள் வேலைக்குப் போனான். யாரும் எதுவும் கேட்கவில்லை.

வரிசை இன்னும் வாசல் தாண்டி நின்றது. இசக்கியப்பன் சுவரைவிட்டு நிமிர்ந்து கையை நீட்டினான். செண்பகம், பிடித்த சட்டையை விடாமலே, அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.