வேலி நொச்சி

பிரசவமான மகள் அபிநயாவைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து இத்தனை நாளாகியும், சிந்தாமணி பக்கத்து வீட்டு ஜெயசித்ராவுக்குக் குழந்தையைக் காட்டவில்லை. பிள்ளையில்லாதவள் கண் பட்டுவிடுமாம்! ஜெயசித்ரா பொருமிக்கொண்டிருந்தாள்.

இன்று அந்தச் சிந்தாமணியே வந்து வேலியில் நொச்சித் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

“தழை யாருக்குக்கா?”

“அபிநயாவுக்குத்தான். பெத்த உடம்பு அடிச்சுப்போட்ட மாதிரி வலிக்குதாம். கொதிக்க வச்சு ஊத்தணும்.”

“என் வேலித் தழை ஆகும், நான் புள்ளையப் பாக்குறது மட்டும் ஆகாதாக்கும்?”

சிந்தாமணி நிமிரவில்லை.

“புள்ள எங்கடி இருக்கு? அங்கேயே பொதைச்சுட்டுத்தான் வந்தோம். சொன்னா நீ தாங்க மாட்டேன்னுதான் வாயத் தொறக்கல.”

ஜெயசித்ரா எட்டாத கிளையொன்றை எக்கி வளைத்துப் பிடித்தாள்.

“புள்ளதான் இல்லாமப் போச்சு” என்றபடி சிந்தாமணி தழையை ஒடித்தாள். “பெத்த உடம்பு பெத்த உடம்புதானேடி.”