சத்தமில்லாத தீவு

“அங்கே சாயங்காலம் பாட்டு, டான்ஸ் ஏதாவது உண்டா?” என்று கேட்டார் எஸ்கோ.

பயண ஏஜென்சி நடத்தும் மின்னாவுக்கு முகம் மலர்ந்தது. கிரான் கனாரியா தீவில் தினமும் உண்டு, ஃபின்லாந்துக்காரர்களுக்கென்றே தனி மண்டபம், நம்ம ஊர் டாங்கோ டான்ஸ், நம்ம ஊர் காபி என்று அடுக்கினாள்.

“அப்ப அது வேண்டாம்” என்றார் எஸ்கோ.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ரைலிக்குச் சுருக்கென்றது. இது நாலாவது தீவு. முதல் தீவில் கடைத்தெரு ரொம்பப் பக்கமாம். இரண்டாவதில் ஓட்டல் சாப்பாட்டுக் கூடம் பெரிசாம். மூன்றாவதில் விமான நிலையம் கிட்டேயாம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு நொட்டை சொல்லிக்கொண்டிருந்தார் மனுஷன்.

வெளியே மைனஸ் இருபத்தாறு. மணி மூன்றுதான் ஆகிறது, ஒவுலு நகரமே இருட்டிவிட்டது.

பத்து வருஷமாக ரைலி கண்ட கனவு இது. ஒரே ஒரு குளிர்காலமாவது பதினைந்து நாள் வெயிலில் கிடக்க வேண்டும், கலகலவென்று நாலு பேரோடு பேசிச் சிரிக்க வேண்டும். அவள் அக்கா தூலா வருஷா வருஷம் அந்த டாங்கோ மண்டபத்துக்குப் போய், மூக்கு சிவந்து திரும்பி வந்து, கோடை வரைக்கும் அதையே கதை கதையாகச் சொல்வாள்.

எஸ்கோ முப்பத்தெட்டு வருஷம் காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எப்போதுமே பேச்சு கம்மி. அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. அந்த ஊரில் ஒரு ஆம்பளை, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் யாரும் பதற மாட்டார்கள். ‘தங்கமான மனுஷன்’ என்பார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ரைலி பேசிவிடுவாள்.

இந்த இரண்டு வருஷமாகத்தான் ரொம்ப மோசம். விருந்தாளி வந்தால் விறகு பிளக்கக் கிளம்பிவிடுகிறார். பேத்தியின் பிறந்தநாளில் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பேசிக்கொண்டே இருக்க, பாதியில் எழுந்து போய்விடுகிறார்.

போன வாரம் தூலா போட்டு உடைத்தாள்.

“உனக்கு இன்னுமா புரியல? அவர் அமைதியான தீவு தேடறது வெயிலுக்காக இல்லடி. உன் வாய்கிட்டேருந்து தப்பிக்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அது ரைலிக்கு முள்ளாகத் தைத்துவிட்டது. நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணின மனுஷனுக்குத் தன் குரலே அலுத்துப் போச்சா என்று நினைத்து நினைத்து மறுகினாள்.

மின்னா விடுவதாக இல்லை. தேடிப் பிடித்து இன்னொரு படத்தை நீட்டினாள். லா கிராஸியோஸா. சின்னஞ்சிறு தீவு. தார் ரோடே கிடையாது, தெருவெல்லாம் மணல். கார் வருவது அத்தி பூத்தாற்போல. சாயங்காலப் படகு போய்விட்டால் பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடைக்காது, அதனால் நம்ம ஆட்கள் யாரும் இதைக் கேட்பதே இல்லை என்று இழுத்தாள்.

எஸ்கோ முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

“இதுதான். இதையே போட்டுடு.”

ரைலிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வேறு ஆள் முன்னால் அழக் கூடாதென்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நீ தனியாவே போயிட்டு வா எஸ்கோ. நான் பேசறது உனக்கு அவ்வளவு தொந்தரவா இருந்தா, நேரா சொல்லியிருக்கலாம்.”

எஸ்கோ அவள் உதட்டையே பார்த்தார். பிறகு மின்னாவிடம் திரும்பி, அந்த ரேடியோவைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா என்று கேட்டார். நிறுத்தினாள். மூலையில் ஓடிக்கொண்டிருந்த பிரிண்டரையும் காட்டினார். அதையும் அணைத்துவிட்டு, மின்னா காபி போடுகிற சாக்கில் உள்ளே போனாள்.

“இப்ப சொல்லு ரைலி. முன்னாடி சொன்னது எனக்குக் கேட்கல.”

ரைலி கைப்பையோடு அவர் பக்கம் திரும்பினாள்.

“கேட்கலைன்னா?”

“ஆலையில வேலை பார்த்ததுல காது போயிடுச்சு. ரெண்டு வருஷமாச்சு. நாலு பேர் சேர்ந்து பேசினா எல்லாம் கஞ்சியா குழைஞ்சிடுது. காதுல மாட்டிக்க ஒண்ணு குடுத்தாங்க. அது கரண்டிச் சத்தத்தையும் உன் பேச்சையும் ஒண்ணாச் சேர்த்துப் பெருசாக்குது, அதான் மாட்டிக்கறதே இல்ல. இன்னும் குறையும்னு டாக்டர் சொல்றார்.”

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை.

பக்கத்திலேயே இருந்தும் இது தெரியாமல் போச்சே என்று அவளுக்கு உறைத்தது. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா, ‘இவருக்குத்தான் கேட்காதே’ன்னு நீ பேசறதையே நிறுத்திடுவியோன்னு பயமா இருந்துச்சு.”

ரைலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேஜைமேல் கிடந்த அந்த மணல் தெருப் படத்தை எடுத்துப் பார்த்தாள்.

“அதுக்காக ஆளே இல்லாத ஊர்ல போய் பதினஞ்சு நாள் என்ன பண்றது எஸ்கோ?”

“அங்கே வேற சத்தமே இல்லல்ல? நீ வாயை மூடாம பேசு. இந்த ரெண்டு வருஷத்துல எனக்கு விட்டுப்போனதையெல்லாம் மொதல்லேருந்து சொல்லு.”