பேரை எடுக்க வந்தவள்

"இதுல இருக்க பேரை எடுக்கணும் தாயி. தடமே தெரியக் கூடாது."

சாக்குப்பையைக் கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டு அந்த அம்மாள் சொன்னாள். பைக்குள் ஒரு ஜோடி குத்துவிளக்கு, ஒரு பித்தளைக் குடம், ஒரு தாம்பாளம்.

போடி கடைத்தெருவில் பழைய பித்தளை, வெண்கலச் சாமான்களுக்கு ஒடுக்கு எடுத்து, பாலிஷ் போட்டு, பேரும் வெட்டிக் கொடுக்கிற கடை ஜாக்குலினுடையது. புருஷன் சாம் மிஷினில் உட்காருவான். வருகிறவர்களிடம் பேசுவதெல்லாம் ஜாக்குலின்தான்.

பேர் வெட்டச் சொல்லித்தான் எல்லாரும் வருவார்கள். பேரை எடுக்கச் சொல்லி வருவது அபூர்வம். போன வருஷம் அப்படி ஒருத்தன் வந்து போன மறுநாளே, அவனைத் தேடி போலீஸ் கடைக்கு வந்தது.

விளக்கைத் திருப்பிப் பார்த்தாள். அடித்தட்டில் 'முத்துக்கண்ணன் - முத்துப்பிரியா' என்று வெட்டி, கீழே கல்யாணத் தேதி. மற்ற சாமான்களிலும் அதேதான்.

"இவங்க யாரு அக்கா?"

"மகனும் மருமகளும்."

"சீர்ச் சாமானா?"

"ஆமா. மருமக கொண்டாந்தது."

"அப்புறம் எதுக்கு எடுக்கணும்?"

"எடுக்கணும் தாயி. வெள்ளிக்கிழமை நானே வந்து வாங்கிக்கிறேன். வீட்டுப் பக்கம் யாரையும் அனுப்ப வேணாம். மருமகளுக்குத் தெரியக் கூடாது."

தன் பேர் பெரியம்மாள் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஜீப்புக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

ஜாக்குலினுக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. அவளுடைய தங்கச்சி ஷீலா, புருஷன் செத்த பிறகு மாமியார் வீட்டிலிருந்து கட்டின சேலையோடு திரும்பி வந்தவள். கொண்டுபோன பாத்திரங்களைக் கேட்டதற்கு, அது உன்னுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

கொண்டு வந்த சோலியைப் பார்ப்போம், அடுத்த வீட்டு விவகாரம் நமக்கு எதற்கு என்றான் சாம். அவள் கேட்கவில்லை. சாமான்களை மிஷின் பக்கமே போகவிடாமல் உள்ளே தூக்கி வைத்தாள்.

போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புக்காரர் ஒருவர் தெரிந்தவர். அவரிடம் மெதுவாக விசாரித்தாள். பெரியம்மாளின் மகன் மலைப்பாதையில் ஜீப்பு கவிழ்ந்து இறந்து இரண்டு வருஷம் ஆகிறதாம். பிள்ளைகுட்டி இல்லை. மருமகள் பிறந்த வீட்டுக்குப் போகாமல் மாமியாரோடுதான் இருக்கிறாளாம். இரண்டு பேரும் ஒரே தோட்டத்தில் காய் பறிக்கிறார்கள்.

எல்லாம் விளங்கிவிட்டது ஜாக்குலினுக்கு. கூடவே வைத்து வேலை வாங்கிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் சீரைச் சுருட்டப் பார்க்கிறாள். பேர் போய்விட்டால் பிறகு யாருடைய சாமான் என்று யார் சொல்வது?

வெள்ளிக்கிழமை காலையில் மருமகளைக் கடைக்கு வரச் சொல்லி, ஜீப்புக்காரரிடமே ரகசியமாகச் சொல்லி அனுப்பினாள்.

முத்துப்பிரியா வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சாமான்களைப் பார்த்ததும் திகைத்துப் போனாள். பரணில் இருந்தது இங்கே எப்படி வந்தது என்று கேட்டாள். ஜாக்குலின் ஒன்று விடாமல் சொன்னாள்.

"அத்தை அப்படிப்பட்டவங்க இல்லக்கா" என்றாள் அந்தப் பெண். ஆனால் குரலில் தெம்பு இல்லை. குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு, வெட்டியிருந்த பேரையே விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் பெரியம்மாள் படியேறினாள். மருமகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"வாங்கக்கா" என்றாள் ஜாக்குலின். "யாருக்குத் தெரியக் கூடாதுன்னீங்களோ, அவங்களையே கூப்பிட்டு வச்சிருக்கேன். இந்தப் பிள்ளை பேரை அழிச்சிட்டா சீர் உங்களதாயிருமா?"

பெரியம்மாள் கோபப்படவில்லை. மருமகள் பக்கத்தில் போய் மெதுவாக உட்கார்ந்தாள்.

"பேரை எடுக்கணும்னுதான சொன்னேன் தாயி. இவ பேரைன்னா சொன்னேன்?"

ஜாக்குலின் புரியாமல் பார்த்தாள்.

"இவளைக் கேட்டு ராசிங்காபுரத்துல இருந்து நல்ல இடமா வந்திருக்கு. என்னையத் தனியா விட்டுட்டுப் போகமாட்டேன்னு பிடிவாதம் பிடிக்கிறா. எப்படியும் பேசி அனுப்பிருவேன். போற இடத்துக்கு இந்தச் சாமானோட போறப்ப, எம் மகன் பேரு கூடப் போகலாமா? நாளைக்கு யாராச்சும் அதைக் காட்டி இவளை ஒரு வார்த்தை சொல்லிரக் கூடாதுல்ல. அவன் பேரையும் அந்தத் தேதியையும் மட்டும் எடுத்துரு. இவ பார்த்தா விடமாட்டா, அழுவா. அதான் தெரியக் கூடாதுன்னேன்."

முத்துப்பிரியா விளக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாமியாரின் தோளில் சாய்ந்தாள்.

ஜாக்குலின் குடத்தையும் தாம்பாளத்தையும் எடுத்து மிஷின் பக்கம் கொண்டுபோய் வைத்தாள். மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்த சாம் கேட்டான்.

"எடுத்த இடத்துல வேற எதுவும் வெட்டணுமாக்கா?"

"இப்ப எதுவும் வேணாம் தம்பி. வெறுமனே இருக்கட்டும். அங்க யாரு பேரு வரணும்னு எம் மக சொல்லுவா."