ஆணி அடிக்காத பலகை

"உன் தம்பி சாகிருக்கு இந்தத் தடவை இந்தக் கடையிலேருந்து ஒரு சோப்புக் கட்டிகூடப் போகக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார் செய்கு அலாவுதீன்.

"அப்ப உங்க ராத்தா நஸீஹாவுக்கும் ஒரு டப்பா பால்பவுடர் போகாது" என்றாள் அஸ்மத் பீவி.

மஸ்கட் ரூவியில் இந்தத் தம்பதிக்கு ஒரு ரெடிமேடு கடை. லீவில் ஊருக்குப் போக இன்னும் ஒரு மாதம் இருந்தது. சண்டை மட்டும் முன்கூட்டியே கிளம்பிவிட்டது.

ஏணிமேல் நின்ற கார்ப்பென்டர் வைரவன், எதுவும் காதில் விழாத மாதிரி பலகையை அளந்துகொண்டிருந்தான். தகரக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே இருந்த பரணில் சரக்கு அடுக்கத் தளம் போடும் வேலை. வெயில் இறங்காமலிருக்க சீலிங்மேல் பஞ்சு விரித்திருந்தார்கள். அதைத் தொடாமல் குட்டிக் குட்டிக் கால்கள் நட்டு, அதன்மேல் பலகை போடவேண்டும்.

"பலகைக்குக் கீழ மட்டும் ஒண்ணும் வச்சிடாதீங்க பாய். பஞ்சு நசுங்குனா கடை அடுப்பாயிடும்" என்றான்.

மதியம் அஸ்மத் பீவி சாப்பாடு எடுத்துவரப் போனதும் பாய் ஏணியடிக்கு வந்தார்.

"வைரவா, இடது மூலையில ஒரு பலகைக்கு ஆணி அடிக்காதே. அவளுக்குத் தெரிய வேணாம்."

சாயந்திரம் பாய் தொழப் போனதும் அஸ்மத் பீவி வந்தாள்.

"தம்பி, வலது மூலையில ஒரு பலகைய சும்மா வச்சுடுங்க. மச்சானுக்குத் தெரிய வேணாம்."

வைரவன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். இவர் அக்காவுக்கு ஒளிக்கப் போகிறார், இவள் தம்பிக்கு ஒளிக்கப் போகிறாள். நல்ல ஜோடி.

இரண்டு வாரம் கழித்து பாயிடமிருந்து போன் வந்தது.

"என்னப்பா வேலை செஞ்சே? கடை கொதிக்குது. சட்டை வாங்க வந்த ஆளு போட்டிருந்த சட்டையையும் கழட்டிட்டாரு."

வைரவன் போனபோது வாசலில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். மூவரும் பக்கத்துக் கடைக்காரர்கள். தங்கள் கடைப் பரண் வேலையையும் வைரவனிடமே கொடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

அவனுக்குக் கோபம் பொங்கியது. இவர்கள் கள்ளத்தனத்துக்கு என் பேர் கெடுவதா? இரண்டு பலகையையும் தூக்கி, இருப்பதை எல்லார் முன்னாலும் கீழே இறக்கிவிடுவது என்று ஏணியில் கால் வைத்தான்.

பாய் ஓடிவந்து ஏணியின் ஒரு காலைப் பிடித்தார். அஸ்மத் பீவி மறுகாலைப் பிடித்தாள். அதற்குள் வைரவன் மேலே ஏறி இரண்டு பலகையையும் தூக்கிவிட்டான்.

நினைத்தபடியேதான். இடது பலகைக்குக் கீழே, பிதுங்கப் பிதுங்க அடைத்து டேப் சுற்றிய ஓர் அட்டைப் பெட்டி. வலது பலகைக்குக் கீழே இன்னொன்று. இரண்டும் பஞ்சை அப்பளமாக்கியிருந்தன.

பெட்டிகளின்மேல் மார்க்கர் பேனாவால் பேரும் ஊரும் எழுதியிருந்தது. வைரவன் படித்தான். திரும்ப ஒரு தடவை படித்தான். பலகைகளைச் சத்தமில்லாமல் மூடிவிட்டுக் கீழே இறங்கினான்.

"என் தப்புதான் பாய். பலகைக் கால்களை இன்னும் உயரமா வச்சிருக்கணும். நாளைக்கு வந்து மாத்தித் தர்றேன்."

வாசலில் நின்ற மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நடையைக் கட்டினார்கள். போனது மூன்று கடை வேலை.

பாய்க்கு மூச்சு வந்தது. கூடவே வாயும் வந்தது. "ஒரு வேலை உருப்படியாத் தெரியலை. இவனும் சாகிர் மாதிரிதான்."

"அவனை எதுக்கு இழுக்கறீங்க? உங்க நஸீஹா ராத்தா மட்டும் ரொம்ப ஒழுங்கோ?"

ஏணியை மடக்கிய வைரவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

பாய் ஒளித்த பெட்டியில் கொட்டை எழுத்தில் 'சாகிர்' என்று எழுதியிருந்தது. அஸ்மத் பீவி ஒளித்த பெட்டியில், 'நஸீஹா.'