சிவப்பு கவுன் போட்ட பஸ்

"மேடம், என்னால இதைத் தாங்க முடியல. இன்னிக்கு ஒரு முடிவு சொல்லியாகணும்."

மீசைக்காரர் கதவைத் தட்டாமலேயே உள்ளே வந்துவிட்டார். இருபத்தாறு வருஷமாக அந்த டெப்போவில் பஸ் ஓட்டுகிறார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

டெப்போ மேனேஜர் பேனாவை மூடி வைத்தாள். அவர் வருவார் என்று ரெண்டு நாளாகவே எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"உக்காருங்கண்ணே. எனக்கு எல்லாம் புரியுது."

"புரிஞ்சுமா இப்படி?"

புரியாமல் என்ன? ஜன்னலுக்கு வெளியே, கழுவுவதற்காக நின்றுகொண்டிருந்தது பன்னிரண்டாம் நம்பர் பஸ். அதன் ஒரு பக்கம் முழுக்கத் துணிக்கடை விளம்பரம். முன்கதவிலிருந்து பின்சக்கரம் வரை ஒய்யாரமாகச் சாய்ந்திருந்தது ஒரு சிவப்பு கவுன். உதட்டில் சாயம், ஒரு காதில் மட்டும் தொங்கட்டான், கன்னத்தில் மூன்று நாள் தாடி. பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'பிடிச்சதை உடுத்து.'

கவுனுக்குள் இருந்தவன் மீசைக்காரரின் ஒரே மகன்.

திங்கட்கிழமை காலையில் விளம்பரத்தை ஒட்டிக்கொண்டு வண்டி டெப்போவுக்குள் நுழைந்ததும் ஒரே கூத்து. "அண்ணே, உங்களுக்குப் பொண்ணு இருக்கறதைச் சொல்லவே இல்லையே!" என்று ஒரு டிரைவர் ஆரம்பித்தான். "வரன் பாக்கலாமா?" என்றான் இன்னொருத்தன்.

மீசைக்காரர் வண்டி முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் ஏறி, பேசாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் கண் கலங்கியிருந்ததை மேனேஜர் ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டாள்.

அவர் வீட்டுக் கதையும் அவளுக்குத் தெரியும். மாடலிங் போகிறேன் என்று மகன் சொன்ன அன்றைக்கே, "இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதே" என்று துரத்திவிட்டாராம். ஆறு மாசம் ஆகிறது. கண்டக்டர் ஒருத்தர் சொன்னது.

அப்படிப்பட்ட மனுஷரை அதே வண்டியில் தினமும் உட்கார வைத்து ஊரைச் சுற்ற விட அவளுக்கு மனசு வரவில்லை. ஒன்பது வருஷமாக அவர் ஓட்டுகிற வண்டிதான். இருந்தாலும் அன்று மாலையே டூட்டி பட்டியலை மாற்றினாள். அவருக்கு ஏழாம் நம்பர், பன்னிரண்டு வேறொருத்தருக்கு. ரெண்டு வண்டியும் எதிரெதிரே வந்துவிடாதபடி நேரத்தைக்கூடப் பார்த்துப் போட்டாள்.

இதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நல்ல காரியம் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது அவள் கட்சி.

"இங்க பாருங்கண்ணே," என்றாள் இதமாக. "விளம்பரத்துக்கு மூணு மாசம் ஒப்பந்தம். நடுவுல கிழிக்க முடியாது. மத்தபடி நான் ஒண்ணும் பழைய பஞ்சாங்கம் இல்ல. யாரு எதை வேணும்னாலும் உடுத்தட்டும். அந்த கவுன் எனக்கே பிடிச்சிருக்கு. ஆனா பெத்தவங்களுக்குன்னு ஒரு இது இருக்கில்ல?"

"எது இருக்கு?"

"சங்கடமா இருக்காதா? நாலு பேர் பாக்கறாங்க. உங்க மானம் போயிடக் கூடாதேன்னு நானா யோசிச்சுத்தான்…"

"என் மானத்தை உங்ககிட்ட குடுத்து வெச்சேனா மேடம்?"

மேனேஜருக்குச் சுருக்கென்றது. அவர் பேச்சு கோபத்தில் வருவது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

"சரிண்ணே. வேற டெப்போவுக்கு மாத்தித் தரட்டுமா?"

"வேணாம்."

"கொஞ்ச நாள் லீவு போடறீங்களா?"

"எதுக்கு?"

"அப்போ என்னதான் வேணும் உங்களுக்கு?"

"என் பன்னண்டாம் நம்பரைத் திருப்பிக் குடுங்க."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காதில் சரியாகத்தான் விழுந்ததா?

"அந்த வண்டியையா? உங்க பையன் அதுல அந்தக் கோலத்துல…"

"கோலத்துக்கு என்ன? எடுப்பாத்தானே இருக்கான். அப்படியே அவங்க அம்மா சாயல்."

"பின்னே எதுக்கு வீட்டை விட்டுத் துரத்தினீங்க?"

அதுவரை நின்றுகொண்டே பேசியவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"நாலு பேர் என்ன சொல்வாங்களோன்னு பயந்தேன் மேடம். திங்கக்கிழமை நாலு பேரும் சொல்லிட்டாங்க. வானம் ஒண்ணும் இடிஞ்சு விழல."

"இதை அவன்கிட்டயே போன் பண்ணிச் சொல்லலாமேண்ணே?"

"பண்ணாம இருப்பேனா? எடுக்க மாட்டேங்கறான்."

நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பன்னண்டாம் நம்பர் போற தெருவுலதான் அவன் ரூம். மாடியில, ரோட்டைப் பாத்த ஜன்னல். திங்கக்கிழமை நான் அந்த வழியாப் போறப்ப அங்க நின்னுக்கிட்டிருந்தான். வண்டியைப் பாத்தான், அப்புறம் ஓட்டறது நான்னு பாத்தான். ஆறு மாசத்துல முத தடவையா எனக்குக் கை காட்டினான் மேடம்."

மேனேஜரின் கை தானாகவே டூட்டி பட்டியலைத் தேடியது.

"செவ்வாய்க்கிழமையும் நின்னிருப்பான்," என்றார் மீசைக்காரர். "ஸ்டியரிங்ல வேற ஆள் உக்காந்திருக்கறதைப் பாத்து என்ன நினைச்சிருப்பான்? தன் படம் ஒட்டின வண்டியை ஓட்ட வெக்கப்பட்டு, அப்பன் ஒரே நாள்ல எறங்கிட்டான்னுதானே?"